ஆயிரம் ஊசி

கோஹெய் அறிந்த மண்ணெல்லாம் பூந்தொட்டி மண்தான். தோக்கியோவில் மாடி வீட்டில் பிறந்து, மாடி வீட்டில் வளர்ந்து, மாடியிலேயே உத்தியோகமும் பார்க்கிறவன். முப்பத்தெட்டு வயதில் வாழ்க்கையில் முதல் தடவையாக ரப்பர் பூட்ஸ் வாங்கினான். அதுவும் ஒரு அளவு சின்னதாகப் போய்விட்டது. அதைக் காலில் ஏற்ற அவன் படும் பாட்டைச் சுமிரே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உதவி பண்ணட்டுமா, கோஹெய்சான்?”

“வேணாம் வேணாம். புது பூட்ஸ் இல்லையா, கொஞ்சம் முரண்டு பிடிக்குது.”

“சரி. நான் வெளிய நிக்கறேன். நன்றி.”

எதற்கு இந்த நன்றி என்று அவனுக்குப் புரியவில்லை. சுமிரேவுக்கு ஏழு வயது. வசந்தத்தில் அவளுடைய அம்மா மாசுமியைக் கல்யாணம் செய்துகொண்டு கோஹெய் இந்தக் கவாகோயே ஊருக்குக் குடிவந்ததிலிருந்து, அவள் அவனிடம் மரியாதை தவறி ஒரு வார்த்தை பேசியதில்லை. சோயா பாட்டிலை நகர்த்தினால் நன்றி. குடை கொடுத்தால் நன்றி. அம்மாவிடம் காட்டுக்கத்தல் கத்துவாள், தலையணையைத் தூக்கி எறிவாள், அழுது புரளுவாள். இவன் அறைக்குள் வந்தால் அடுத்த தெருக்காரர் வந்ததுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்வாள். அவனை அவள் பெயரோடு மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து ‘கோஹெய்சான்’ என்று கூப்பிடுவதும் அடுத்த தெருக்காரரைக் கூப்பிடுகிற மாதிரியேதான். ஒரே ஒரு நாள் இந்தப் பெண் தன்னைப் பார்த்தும் கத்தமாட்டாளா என்று கோஹெய் ஏங்கிக் கிடந்தான். சொன்னால் யாரும் சிரிப்பார்கள் என்பதால் மாசுமியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அன்று வட்டாரக் குழந்தைகள் சங்கத்தின் கிழங்கு தோண்டும் நாள். வருடா வருடம் அக்டோபரில் ஊரோரத் தோட்டத்தில் சர்க்கரைவள்ளிப் பாத்திகளைச் சங்கம் எடுத்துக்கொள்ளும். அப்பா அம்மாமார் பிள்ளைகளோடு போய்த் தோண்டி, ஆளுக்கொரு பை நிறையக் கொண்டுவருவார்கள். மாசுமி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி. அதனால் கோஹெய் மட்டும் சுமிரேவோடு போனான். சந்தோஷமும் பயமும் அவனுக்குச் சரிபாதியாக இருந்தது.

தோட்டத்தில் சங்கத் தலைவி இவாசே அம்மா கழுத்தில் துண்டோடு நின்றிருந்தார். மூன்று பிள்ளை பெற்றவர். அந்த மூன்று பிள்ளைகளையும் கத்திக் கத்தியே அவருக்குக் குரல் கரகரத்துப் போய்விட்டதாக ஊரில் பேச்சு.

“அட, புது அப்பா வந்தாச்சு! இந்தக் கடைசி பாத்தி உங்களுக்கு, தம்பி. பூட்ஸ் நல்லா பளபளன்னு இருக்கே, கல்யாணத்துக்குப் போறீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். சுமிரே மட்டும் ‘புது அப்பா’ என்ற சொல்லைக் கேட்டதும் தலையைக் குனிந்து கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கோஹெய் அதைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்கவில்லை. முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்த வாய்க்கால் சேற்றில் பூட்ஸ் முழங்கால் வரை இறங்கி, கால் மட்டும் வெளியே வந்தது.

இவாசே அம்மா எல்லோரையும் கூட்டி வைத்து, தோண்டின கிழங்கை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று விலாவாரியாகப் பேசினார். அந்த நேரம் முழுக்க கோஹெய் ஒற்றைக் காலில் காலுறையோடு நின்று பூட்ஸைச் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தான். சுமிரே ஒரு குச்சியை வைத்து அவனுக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தாள். பேச்சில் ஒரு வார்த்தைகூட இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

பாத்தியில் உட்கார்ந்ததும் சுமிரே வேறு ஆளாகிவிட்டாள்.

“ஐயோ, அந்தக் கரண்டிய வைங்க! கையாலதான் தோண்டணும். இரும்பு பட்டா கிழங்கு வெட்டுப்பட்டுடும்.”

“ஓ. யாரு சொன்னா?”

“அப்பா.”

சொல்லிவிட்டு அவள் மண்ணை வாரத் தொடங்கினாள். அவளுடைய அப்பா ரியோஜி இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு பனிக்காலக் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவர் வழியிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அதற்குச் சில வாரம் முன்பு, இதே தோட்டத்தில், நாலு வயதுச் சுமிரேவோடு அவரும் கிழங்கு தோண்டியிருக்கிறார்.

கொடியைப் பிடித்து இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வரவில்லை. சுற்றிலும் விரலால் மண்ணைக் கீறினார்கள். சிவப்புத் தோல் கொஞ்சம் தெரிந்தது. கொடி முறிந்த இடத்தில் வடிந்த பால் விரலெல்லாம் ஒட்டிக் கறுத்தது. மறுபடி, ஒண்ணு, ரெண்டு, என்று சொல்லி இழுத்ததும் கிழங்குக் கொத்து ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். கோஹெய் முகத்தில் ஒரு மண்புழு விழுந்தது. அவன் போட்ட அலறலில் பக்கத்துப் பாத்திக் குழந்தைகள் எல்லாம் ஓடி வந்தார்கள். சுமிரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முன்பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தாள். அவளுக்கு அந்தப் பல் எப்போது விழுந்தது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவன் எதிரில் அவள் அவ்வளவு அகலமாக வாயைத் திறந்ததே இல்லை.

தோண்டினதையெல்லாம் வரிசையாக வைத்தார்கள். குண்டாக இருந்தது சுமோ வீரர். வளைந்திருந்தது இறால். நுனியில் வால் வைத்துக்கொண்டு ஒன்று வந்தது. அது எலி என்றான் கோஹெய். இல்லை, இவாசே அம்மா வீட்டுப் பூனை என்றாள் சுமிரே. வாக்குவாதம் முற்றி, பூனைக்குப் பிறந்த எலி என்று முடிவானது.

“அப்பா சுட்டது தேன் மாதிரி இருந்துச்சு” என்றாள் அவள், கிழங்கிலிருந்து மண்ணைத் தட்டியபடி. “தோண்டின அன்னைக்கே ஆத்தங்கரைக்குப் போனோம். எலையக் குவிச்சு சுட்டோம்.”

மற்றவர்களெல்லாம் கிழங்கைப் பையில் போட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஏன் யாருமே சுட்டுத் தின்னப் போகவில்லை என்று யோசித்திருக்க வேண்டும். கோஹெய் அந்த யோசனையெல்லாம் வருகிற நிலையில் இல்லை. அந்தச் சிரிப்பு அவன் தலைக்கு ஏறியிருந்தது.

“அப்ப நாமளும் இன்னைக்கே சுடுவோம்!”

சுமிரேவின் கை நின்றது. அவனை நேராகப் பார்த்தாள்.

“இனிக்குமா?”

“இனிக்காம?”

“சத்தியமா?”

கையுறையைக் கழற்றிவிட்டுச் சுண்டுவிரலை நீட்டினாள். அந்த நாட்டில் குழந்தையாக இருந்த எல்லோரும் செய்த சத்தியம்தான். சுண்டுவிரலைச் சுண்டுவிரலோடு கோத்து ஆட்டி, பொய்யாகிப் போனால் ஆயிரம் ஊசி விழுங்க வேண்டும் என்று பாடிவிட்டு விரலை வெடுக்கென்று பிரித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு அது விளையாட்டு. சுமிரே விளையாடவில்லை. கண் இமைக்காமல் பாடினாள். கோஹெய் சிரித்துக்கொண்டே விரலைக் கொடுத்தான்.

ஆற்றங்கரையில் தீ மூட்ட அனுமதித்த இடம் ஒன்று இருந்தது. கரை நெடுக செர்ரி மரங்கள் இலையைக் கொட்டி வைத்திருந்தன. கோஹெய் அள்ள, சுமிரே அள்ள, யார் குவியல் பெரியது என்று போட்டியாகி, கடைசியில் ஒருவர் தலையில் ஒருவர் கொட்டிக்கொண்டார்கள். கிழங்கை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, மேலே அலுமினியத் தாள் சுற்றி, நெருப்படங்கின சாம்பலுக்குள் புதைத்தார்கள். காத்திருக்கிற நேரத்துக்கு ஓக் கொட்டைகள் பொறுக்கி அவன் கோட்டுப் பையை நிரப்பினாள். மூக்கு நுனியில் கரியோடு அவள் கன்னத்தைக் கையில் தாங்கிக் குந்தியிருந்ததைப் பார்க்கையில், உலகத்தில் தனக்கு இனி என்ன வேண்டும் என்று இருந்தது கோஹெய்க்கு.

குச்சியால் குத்தினால் மெத்தென்று இறங்கியது. பிட்டால் ஆவி பறந்தது. நல்ல மஞ்சள். ஊதி ஊதி சுமிரேவிடம் பெரிய பாதியைக் கொடுத்துவிட்டுத் தானும் கடித்தான்.

வெந்திருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். மாவு மாவாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இனிப்பு மருந்துக்கும் இல்லை. அடுத்ததைப் பிரித்தான், அடுத்ததைப் பிரித்தான், சுமோ வீரரையும் பிரித்துப் பார்த்தான். எல்லாம் ஒரே லட்சணம்.

சுமிரே வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். மீதியைத் தாளில் மறுபடி சுற்றிக் கீழே வைத்தாள்.

“இனிக்கல.”

அந்த நேரம் பார்த்துக் கரை மேல் சாலையில் சுட்ட கிழங்கு வண்டி போனது. சூடான கூழாங்கல்லில் கிழங்கைப் புதைத்துச் சுட்டு விற்கிற சின்ன லாரி. அதன் ஒலிபெருக்கி ‘கல்லில் சுட்ட கிழங்கேய்’ என்று இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டு போயிற்று. சுமிரே எழுந்து நின்று அந்த வண்டியையே பார்த்தாள். அது பாலத்தைத் தாண்டிக் கண்ணில் மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

“வேணுமா? ஓடிப்போய் வாங்கிட்டு வரட்டுமா?”

“வேணாம்!” என்று கத்தினாள் அவள். “வாங்கக் கூடாது! வேணாம்!”

கத்தியே விட்டாள். மாதக்கணக்காக எதற்கு ஏங்கினானோ அது கிடைத்தது. கிடைத்தபோது நெஞ்சில் யாரோ கல்லைத் தூக்கிப் போட்டதுபோல வலித்தது. கோஹெய் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தான்.

வீட்டில் ரியோஜியின் படத்துக்குச் சின்ன மாடம் ஒன்று உண்டு. வீட்டில் என்ன சமைத்தாலும், என்ன வாங்கினாலும், முதல் பங்கு அங்கே போகும். அந்த வேலை சுமிரேவுடையது. அன்று அவள் மணியை அடித்துக் கும்பிட்டாள். கையில் ஒன்றுமில்லை.

“கிழங்கு வைக்கலியா?”

“இது வேணாம், கோஹெய்சான். அப்பாவுக்கு இனிப்பா இருந்தாத்தான் பிடிக்கும்.” கொஞ்சம் நின்று, மரியாதையாகச் சொன்னாள்: “ஆயிரம் ஊசி.”

“ஞாபகம் இருக்கும்மா.”

“சரி. நன்றி.”

மாசுமி வேலை முடிந்து வந்தபோது கோஹெய் சமையலறையில் ஆறிப்போன கிழங்கை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். தண்டனை மாதிரி ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டதும் அவள் பையைக் கீழே வைக்கக்கூட மறந்து சிரித்தாள்.

“நீங்களும் அன்னைக்கே சுட்டுட்டீங்களா!”

“ஏன், சுட்டா என்ன?”

“தோண்டின உடனே எந்தக் கிழங்கு இனிக்கும்? மண்ணோட தாள்ல சுத்தி, ஒரு மாசமாவது தூங்க வைக்கணும். உள்ள இருக்கற மாவு இனிப்பா மாற நேரம் வேணாமா? எனக்கும் தெரியாதுதான், பின்னாடி இவாசேசான் சொல்லித்தான் தெரியும். அதனாலதானே சங்கத்துல இப்ப தோண்டிட்டு நவம்பர் கடைசில சுடறாங்க.”

கோஹெய் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

“இரு. ‘நீங்களும்’னா?”

மாசுமி சுமிரேவின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் எதிரில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“ரியோஜியும் இதேதான். அவசரக்குடுக்கை. அன்னைக்கும் எனக்கு டியூட்டி. வீட்டுக்கு வந்தா அப்பாவும் பொண்ணும் வாசல்லயே நிக்கறாங்க. ‘பாரு, நாங்களே தோண்டி நாங்களே சுட்டது’ன்னு எனக்கு ஒரு பாதி குடுக்கறாங்க. தேன் வடியுது. நானும் ஆஹா ஓஹோன்னேன். ராத்திரி அவரு கோட்டை மாட்டறேன், பாக்கெட்ல வண்டிக்காரனோட காகிதப் பை.”

“வாங்கினதா?”

“வாங்கி, மாத்தி வச்சிருக்காரு மனுஷன். சுமிரே கைகழுவப் போன நேரம் பாத்து மாத்தியிருப்பாரு போல. பாவம், அவளுக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் அப்பா சுட்டதுன்னே நெனச்சிட்டிருக்கா.” சிரித்தபடியே ஆரம்பித்தவளுக்குக் குரல் கம்மியது. “சமயம் பாத்துக் கிண்டல் பண்ணலாம்னு அந்தப் பையை எடுத்து வச்சேன். புது வருஷத்துக்கு எல்லாரும் கூடுவாங்க, அப்ப மானத்த வாங்கலாம்னு. அதுக்குள்ள போயிட்டாரு.”

கோஹெய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். முன்பின் பார்த்திராத அந்த மனிதரின் மேல் அன்றுதான் அவனுக்கு முதல்முறையாகப் பிரியம் வந்தது. அதுவரை படத்தில் இருந்தவர் தப்பே செய்யாதவர், கிழங்கைத் தேனாக்குகிறவர். அப்படிப்பட்ட ஆளோடு யார் போட்டி போட முடியும்? இப்போது பார்த்தால் அவரும் மாவுக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு முழித்திருக்கிறார்.

“சுமிரேகிட்ட சொல்லிடாதீங்க” என்றாள் மாசுமி.

“சேச்சே.”

மறுநாள் காலை கோஹெய் சுமிரே எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஊசியை நவம்பர் கடைசிக்குத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டான். சுட்டது சுட்டாயிற்று, மீதிக் கிழங்கையாவது தூங்க வைக்கலாம் என்றான். சுமிரே நெடுநேரம் யோசித்தாள்.

“தூங்கினா இனிக்குமா?”

“இனிக்கும்னு சொல்றாங்க. இந்தத் தடவ நான் சத்தியம் பண்ணல.”

அவன் சத்தியம் பண்ணாதது அவளுக்குப் பிடித்திருந்தது போலும். சரி என்றாள்.

ஒவ்வொரு கிழங்கையும் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். பூனைக்குப் பிறந்த எலிக்கு அவளுடைய பொம்மைத் தலையணையை வைத்தாள். பெட்டி கூடத்து மூலையில் இருந்தது. பள்ளிக்கூடம் போகுமுன் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இன்னும் தூங்குதுங்க” என்று அறிவித்துவிட்டுப் போவாள். குளிர் ஏறின ஒரு நாள், கிழங்குக்கு ஆகாதே என்று கோஹெய் தன் கம்பளிப் போர்வையை எடுத்துப் பெட்டிமேல் போர்த்தினான். அன்றிரவு அவன் நடுங்கிக்கொண்டே படுத்திருந்ததை மாசுமி சுமிரேவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சுமிரே சிரிக்கவில்லை. அடுத்த நாள் தன்னுடைய பழைய போர்வையை எடுத்து வந்து பெட்டிமேல் போட்டுவிட்டு, அவன் போர்வையை மடித்து அவன் தலைமாட்டில் வைத்தாள்.

நவம்பர் நடுவில், ஒரு மாலை ரயிலடியில் இறங்கி நடந்துவருகையில், கிழங்கு வண்டி தெருமுனையில் நின்றிருந்தது. கிழவர் மூடியைத் திறந்தார். வாசனை சட்டையைப் பிடித்து இழுத்தது. தூங்குகிற கிழங்கு எப்படி எழுந்திருக்குமோ, யார் கண்டார்கள்? ஒன்று இரண்டு அழுகிப்போய் எடுத்து எறிந்ததும் உண்டு. இங்கே வாங்கி ஒளித்து வைத்துக்கொண்டு, சுடுகிற நாளில் சாம்பலிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்து நீட்டினால் தீர்ந்தது. ஏற்கெனவே ஒருவர் செய்து பார்த்த வித்தைதானே. கோஹெய் பர்ஸைக்கூட எடுத்துவிட்டான்.

“எத்தன, சார்?”

“இல்ல… வாசனை பிடிச்சுட்டுப் போலாம்னு நின்னேன்.”

“வாசனை இலவசம். நல்லா பிடிச்சுக்கங்க” என்றார் கிழவர் சலிப்போடு.

ரியோஜியின் வித்தை ரியோஜியோடு இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான். அது அவருடையது. திருடக் கூடாது.

சுடுகிற நாளில் ஊர்க் கோயில் மைதானம் முழுக்கப் பிள்ளைகள். சங்கத்து அப்பாக்கள் இலையைப் பெருக்கிக் குவித்தார்கள். கிங்கோ மரம் மைதானத்தின் பாதியை மஞ்சளாக்கி வைத்திருந்தது. பிள்ளைகள் அதை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். கோஹெய் அழகாக இருக்கிறதே என்று ஒரு கூடை மஞ்சள் இலையைக் கொண்டுவந்து தீயில் கொட்டினான். குபுகுபுவென்று புகை கிளம்பியது.

“யாருய்யா அது கிங்கோவப் போட்டது! அது எரியாது, புகையும்! ஓ, நம்ம பளபள பூட்ஸா?” என்று இவாசே அம்மா விசிறியோடு ஓடி வந்தார். “தம்பி, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா நின்னாலே பெரிய உபகாரம்.”

மாசுமிக்கு அன்று லீவு. மற்ற பெண்களோடு பன்றிக்கறிச் சூப்புக் குண்டானைக் கிளறிக்கொண்டிருந்தாள். கோஹெயும் சுமிரேவும் தீயோரம் குந்தி, தங்கள் கிழங்குகளை எங்கே புதைத்தோம் என்று ஆளுக்கொரு குச்சியை அடையாளம் நட்டுவைத்துக் காத்திருந்தார்கள். கோஹெய்க்கு உள்ளங்கை வேர்த்தது. ஆபீஸில் பெரிய அதிகாரி முன்னால் நின்றபோதுகூட அப்படி வேர்த்ததில்லை.

முதலில் வெளியே வந்தது பூனைக்குப் பிறந்த எலி. தாளைப் பிரிக்கும்போதே தோலில் பாகு கசிந்து கருகி ஒட்டியிருந்தது. பிட்டான். பழுத்த பலா நிறத்தில், ஈரமாக, மினுமினுவென்று இருந்தது. சுமிரே ஊதினாள். கடித்தாள்.

மெல்லுவதை நிறுத்தினாள்.

இன்னொரு வாய் கடித்தாள். கோஹெய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் அகலமாக விரிந்தது. பிறகு அந்தக் கண்ணிலேயே மெதுவாகத் தண்ணீர் கட்டியது. கீழுதடு நடுங்கியது. இனிக்கிறது என்பது அவளைப் பார்த்தாலே தெரிந்தது. இனித்துவிட்டதே என்ற துக்கமும் தெரிந்தது. அப்பாவுடையதைவிட இது இனிக்கிறது. இனி அப்பாவிடம் போய் என்ன சொல்வாள்?

இத்தனை நாள் கிழங்கு இனிக்க வேண்டுமே என்று தவம் கிடந்தவனுக்கு, அந்த ஒரு கணத்தில் அது கொஞ்சம் இனிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மனதாரத் தோன்றியது.

“உங்க அப்பா பெரிய ஆளும்மா” என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குப் பாரு, இது இனிக்கறதுக்கு எத்தன நாள் ஆச்சு. பெட்டில வச்சு, போர்வை போத்தி, தினம் எட்டிப் பாத்து… அப்புறம்தான் இந்த அளவுக்கு வந்துது. உங்க அப்பா தோண்டின அன்னைக்கே தேன் மாதிரி சுட்டாரு. எப்படிச் சுட்டாரோ! நான் தலகீழா நின்னாலும் என்னால ஆகாது. அவரு கைக்கு முன்னாடி நானெல்லாம் எந்த மூலைக்கு.”

சுமிரே அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரி படிந்த கன்னம், புகையில் சிவந்த கண், அளவு சின்னதான பூட்ஸ், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். மோசம் போய்க்கொண்டிருக்கிற ஒரு நல்ல மனிதனைப் பார்க்கிற பார்வையாக இருந்தது அது. பிறகு குண்டான் பக்கம் திரும்பி, அம்மா தூரத்தில்தான் இருக்கிறாள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

“காதக் குடுங்க.”

குனிந்து கொடுத்தான். கிழங்கு வாசமடிக்கிற மூச்சு காதில் சுட்டது.

“அப்பாவோடதும் இனிக்கல.”

கோஹெய் இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

“அன்னைக்கும் மாவு மாதிரிதான் இருந்துச்சு. நான் அழுதேன். அப்ப வண்டி வந்துச்சா, அப்பா என்னத் தோள்ல தூக்கிட்டு ஓடினாரு. வண்டிக்காரத் தாத்தாகிட்ட வாங்கி, நம்ம தாள்ல சுத்தி, ‘அம்மாகிட்ட நாமளே சுட்டதுன்னு சொல்லுவோம், யார்கிட்டயும் சொல்லாத’ன்னாரு. சத்தியம் பண்ணேன். சொன்னா ஆயிரம் ஊசி.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “அம்மாவுக்குத் தெரியாது. பாவம், இன்னும் நெசம்னு நெனச்சிட்டிருக்காங்க.”

ஆற்றங்கரையில் அந்த வண்டியை அவள் ஏன் அப்படிப் பார்த்தாள், ஏன் வாங்கக் கூடாது என்று கத்தினாள் என்று இப்போது தெரிந்தது. நாலு வயதில் கொடுத்த வாக்கு. வாக்கை வாங்கினவர் போன பிறகும், மூன்று வருடமாக, தன்னந்தனியாக அதைக் கட்டிக் காத்திருக்கிறாள். எத்தனை தடவை வாய்வரை வந்திருக்குமோ, எத்தனை தடவை விழுங்கினாளோ.

“நெசமாவா?” என்றான். முடிந்த மட்டும் ஆச்சரியப்பட்டான்.

“ம். அதனால நீங்க கவலப்படாதீங்க. அப்பாவுக்கும் சுடத் தெரியாது.”

“ஆனா நீ இப்ப சொல்லிட்டியே. ஊசி?”

சுமிரேவுக்கு அது அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்தது. கொஞ்ச நேரம் தீயைப் பார்த்தாள். பிறகு வழி கண்டுபிடித்துவிட்டாள்.

“நீங்களும் சத்தியத்துல சேந்துடுங்க. அப்ப வெளிய சொன்னதாகாது.”

பாகு ஒட்டிய சுண்டுவிரலை நீட்டினாள். கோஹெய் தன் விரலைக் கோத்தான். அவள் குரலை இறக்கி, பாட்டை முழுசாகப் பாடி முடித்து, விரலை வெடுக்கென்று பிரித்தாள்.

“இப்ப மூணு பேருக்குத் தெரியும்” என்றாள். “அப்பா, நான், நீங்க. அவ்வளவுதான். வேற யாருக்கும் தெரியக் கூடாது.”

“தெரியாது.”

“அந்தப் பழைய ஊசி உங்களுக்கு வேணாம். இது இனிச்சிடுச்சு.”

மீதிக் கிழங்கில் நல்லதாக ஒன்றை எடுத்து, ஆறிப்போகாமல் இருக்கத் தாளில் சுற்றி, தன் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டாள். யாருக்கு என்று கோஹெய் கேட்கவில்லை.

மாசுமி சூப்புக் கிண்ணங்களோடு வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு?”

“ஒண்ணுமில்ல” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மாசுமி கோஹெயை உற்றுப் பார்த்தாள். அவன் கிங்கோ மரத்தைப் பார்த்தான். அவளிடமும் ஒரு ரகசியத்தை வாங்கி வைத்திருக்கிறான், மகளிடமும் அதே ரகசியத்தை வாங்கி வைத்திருக்கிறான். இனி ஆயுசுக்கும் இரண்டு பேரிடமும் வாயைத் திறக்க முடியாது. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. புகை கண்ணில் பட்டுவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டான்.

“கிங்கோவப் போட்டாருல்ல, அதான்” என்றாள் சுமிரே அம்மாவிடம். பிறகு அவன் பக்கம் திரும்பி, “கோஹெய்சான், தள்ளி உக்காரு! என் எடத்துல கால நீட்டிட்டு!” என்று அதட்டினாள்.

அவன் தள்ளி உட்கார்ந்தான். அவள் நன்றி சொல்லவில்லை.